நெருப்பின் செலவு யார் கணக்கில்?



பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். நான் பொதுக் காப்பீட்டுத் துறையில் கிளெய்ம் கோப்புகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் கோப்புகளின் பக்கமிருந்துதான் எனக்குப் பேசத் தெரியும். ஒரு வீடு எரிந்துபோனால் அந்த இழப்பு யார் யார் கைக்கு மாறுகிறது, கடைசியில் யார் தலையில் இறங்குகிறது, உண்மையில் யார் தலையில் இறங்கியிருக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. களம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம். அங்கே எழுந்திருக்கும் கேள்விக்கு நம் பாலாற்றங்கரையில் ஏற்கெனவே ஒரு விடை எழுதப்பட்டிருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

2025 ஜனவரி 7 அன்று காலை, லாஸ் ஏஞ்சலிஸின் மேற்கே கடலை ஒட்டிய பசிஃபிக் பாலிசேட்ஸ் பகுதியில் தீ பிடித்தது. மாலையில் வடகிழக்கே ஈட்டன் பள்ளத்தாக்கில் இன்னொரு தீ கிளம்பி, அல்டடீனா என்ற ஊருக்குள் இறங்கியது. இரண்டு தீயிலும் சேர்த்து 31 பேர் இறந்தார்கள். 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. காப்பீட்டு நிறுவனங்கள் தர வேண்டிய தொகை மட்டுமே சுமார் 4,000 கோடி டாலர் என்று ஸ்விஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம் கணித்தது.

பாலிசேட்ஸ் பெரும்பாலும் வசதியானவர்களின் ஊர். செய்திகளில் அதிகம் வந்ததும் அதுதான். என் மனம் தங்கியது அல்டடீனாவில். நிற வேற்றுமையால் மற்ற பகுதிகளில் வீட்டுக்கடனும் வீடும் மறுக்கப்பட்ட காலத்தில், கறுப்பின மக்கள் சொந்தமாக வீடு வாங்க முடிந்த சில இடங்களில் அதுவும் ஒன்று. தாத்தா வாங்கிய வீட்டில் பேத்தி குடியிருப்பாள். கடன் எப்போதோ அடைந்திருக்கும். கடன் அடைந்துவிட்டால் காப்பீடு எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வங்கி இல்லை; பிரீமியம் ஏற ஏறச் சிலர் பாலிசியை விட்டுவிட்டார்கள், சிலர் தொகையைக் குறைத்துக்கொண்டார்கள். வீட்டைத் திரும்பக் கட்டும் செலவில் பாதிக்குக்கூட வராத பாலிசியைக் கையில் வைத்திருப்பது எப்படிப்பட்ட நிலை என்பதைக் கிளெய்ம் மேசையில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். எதிரில் இருப்பவர் ஒழுங்காகப் பணம் கட்டியவராகவே இருப்பார். பாலிசியின் முதல் பக்கத்தில் உள்ள காப்பீட்டுத் தொகையைக் காட்டி, இவ்வளவுதான் ஐயா வரும் என்று நாம் சொல்ல வேண்டியிருக்கும்.

தீக்கு முன்பே காப்பீடு அங்கிருந்து விலகத் தொடங்கிவிட்டது. மாநிலத்திலேயே அதிக வீடுகளுக்குக் காப்பீடு தரும் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம், 2023 மே மாதத்தில் புதிய வீட்டுப் பாலிசிகளுக்கு விண்ணப்பம் வாங்குவதை நிறுத்தியது. 2024 மார்ச்சில், சுமார் 72,000 பாலிசிகளைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்தது. அதில் பாலிசேட்ஸ் வீடுகளும் இருந்தன. வேறெங்கும் காப்பீடு கிடைக்காதவர்களுக்கு என்று 1968-இல் ஏற்படுத்தப்பட்ட ‘ஃபேர் பிளான்’ என்ற அமைப்பு உண்டு. கடைசிப் புகலிடமாக இருக்க வேண்டிய அது, 2024 செப்டம்பரில் சுமார் 45,800 கோடி டாலர் மதிப்புள்ள சொத்துகளைச் சுமந்துகொண்டிருந்தது. ஜனவரித் தீக்குப் பிறகு அதன் கையில் பணம் போதவில்லை. உறுப்பு நிறுவனங்களிடம் 100 கோடி டாலர் கேட்டது. 1994-இல் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்த காலத்துக்குப் பிறகு அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை. அந்த 100 கோடியில் பாதி வரை நிறுவனங்கள் தங்கள் பாலிசிதாரர்களிடம் வசூலித்துக்கொள்ள விதி இடம் தந்தது. அதாவது, தீயைக் கண்ணாலும் பார்க்காத, தொலைவிலுள்ள சேக்ரமென்டோ நகர வீட்டுக்காரரின் ரசீதிலும் அந்தத் தீக்கு ஒரு வரி ஏறியது. அதே ஆண்டு மே மாதத்தில் ஸ்டேட் ஃபார்முக்கு 17 சதவீத அவசரக் கட்டண உயர்வும் அனுமதிக்கப்பட்டது.

காப்பீடு இல்லாத வீட்டின் மேல் அமெரிக்காவில் எந்த வங்கியும் கடன் தராது. கடன் கிடைக்காத வீட்டை வாங்க ஆள் வராது. வாங்க ஆளில்லாத வீட்டின் விலை விழும். விலை விழுந்தால் அந்த ஊரின் சொத்து வரி குறையும், பள்ளிக்கும் தீயணைப்புக்கும் பணம் குறையும். இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாட்டின் சில பகுதிகளில் வீட்டுக்கடனே கிடைக்காமல் போகும் என்று அப்போது அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஜெரோம் பவல் 2025 பிப்ரவரியில் செனட் குழுவின் முன் சொன்னார். எச்சரிக்கை மணி அடிப்பது அவருடைய வேலையின் இயல்பே அல்ல. அவரே அப்படிச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் மேல் போடுவது நேர்மையாகாது. கட்டுமானச் செலவு ஏறியிருக்கிறது. காட்டு விளிம்பில் வீடுகளைக் கட்ட அனுமதித்திருக்கிறார்கள். 1988-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டப்படி, அரசின் முன் அனுமதியின்றிக் கட்டணத்தை ஏற்ற முடியாது; அதனால் பல ஆண்டு உயர்வு தேங்கி நின்றது. இவையெல்லாம் உண்மை. இவற்றோடு சேர்ந்து ஒரு காரணம் இருக்கிறது, அதற்குக் கணக்கும் இருக்கிறது. 2023-லும் 2024 தொடக்கத்திலும் தென் கலிஃபோர்னியாவில் நல்ல மழை. மலைச்சரிவெங்கும் புல்லும் புதரும் மண்டின. 2024 மே மாதத்துக்குப் பிறகு வானம் மூடிக்கொண்டது. ஜனவரி வரை நகர மையத்தில் அரை சென்டிமீட்டர் மழைகூட இல்லை. மண்டியதெல்லாம் சருகாயிற்று. அந்தச் சருகின் மேல், பாலைவனத்திலிருந்து கடலை நோக்கி வீசும் சான்டா அனா காற்று புயல் வேகத்தில் இறங்கியது. வழக்கமாக அந்தக் காற்று வலுக்கும் நாட்களுக்குள் மழை தொடங்கி நிலம் நனைந்திருக்கும். இப்போது வறண்ட பருவம் சுமார் 23 நாட்கள் நீண்டுவிட்டது என்றும், தீ பரவ ஏற்ற இத்தகைய வானிலை உருவாகும் வாய்ப்பு புவி வெப்பமடைதலால் சுமார் 35 சதவீதம் கூடிவிட்டது என்றும் ‘வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன்’ ஆய்வுக் குழு தீ அணைவதற்குள்ளாகவே கணித்து வெளியிட்டது.

அப்படியென்றால் தீயை மூட்டியது யார் என்று கேட்பீர்கள். பாலிசேட்ஸ் தீ, புத்தாண்டு நாளில் ஒருவர் வேண்டுமென்றே வைத்த தீயின் மிச்சம் என்கிறது அரசுத் தரப்பு. ஈட்டன் தீக்கு மின் நிறுவனத்தின் கம்பிகள் காரணம் என்று அமெரிக்க அரசே வழக்குத் தொடுத்திருக்கிறது. பொறியைப் போட்டவரைத் தேடிப் பிடிக்கச் சட்டத்துக்கு நன்றாகத் தெரியும். 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்து 85 பேர் இறந்தபோது, பொறி பிஜி அண்டு இ என்ற மின் நிறுவனத்தின் பழைய கம்பியிலிருந்து வந்தது என்று நிரூபணமானது. 2019 ஜனவரியில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. இந்தத் தீயிலும் அதன் கம்பிகளால் வந்த வேறு தீகளிலும் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 1,350 கோடி டாலரும், காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தனியாக 1,100 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டது.

காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஏன் பணம்? சட்டம் பயிலும் மாணவர்கள் இந்த இடத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அலுவலகங்களில் சப்ரோகேஷன் என்ற சொல் தினமும் புழங்கும். திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்குப் பின்னலாடை ஏற்றிய லாரி வழியில் கவிழ்கிறது என்று வையுங்கள். சரக்குக்காரருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு கொடுத்துவிடும். கொடுக்கும்போது முத்திரைத்தாளில் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளும். லாரி நிறுவனத்திடம் நஷ்டம் கேட்க உங்களுக்கு இருந்த உரிமை இனி எங்களுடையது என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். அதைக் கையில் வைத்துக்கொண்டு லாரி நிறுவனத்தின் மேல் நிறுவனம் வழக்குப் போடும். தவறு செய்தவர் தப்பக் கூடாது, அவருடைய தவறுக்கான விலை மற்ற பாலிசிதாரர்களின் பிரீமியத்தில் ஏறக் கூடாது என்பதே இதன் நோக்கம். பாரடைஸ் தீயில் காப்பீட்டு நிறுவனங்கள் செய்ததும் இதைத்தான்.

பொறி விழுந்த இடத்தை அவ்வளவு காய வைத்ததில் பங்குள்ளவர்களிடம் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் இதுவரை அந்தக் கடிதத்தை நீட்டவில்லை. பிரீமியத்தை ஏற்றுகிறார்கள், பாலிசியை ரத்து செய்கிறார்கள், மாநிலத்தை விட்டே போகிறார்கள். எண்ணெய் நிறுவனங்களின் வாசலுக்கு மட்டும் போவதில்லை. பல பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் எண்ணெய்த் துறையில் முதலீடு வைத்திருக்கின்றன. எண்ணெய்க் கிணறுகளுக்கும் குழாய்களுக்கும் பாலிசி தருகின்றன. என் துறையைப் பற்றி இதைச் சொல்ல எனக்கு வேதனையாக இருக்கிறது. சொல்லாமல் விடவும் முடியவில்லை. ஏனென்றால் இத்துறைக்கு இது புதுச் செய்தி அல்ல. வெப்பநிலை உயர்வுக்கும் வெள்ளச் சேதத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று மியூனிக் ரீ நிறுவனம் 1973-லேயே தன் வெளியீட்டில் எழுதியது.

எண்ணெய் நிறுவனங்களுக்குத் தெரியுமா? தெரியும். 1977-இல் ஜேம்ஸ் பிளாக் என்ற எக்ஸான் விஞ்ஞானி, எரிபொருள் எரிப்பதால் புவி வெப்பமடையும் என்பதை நிறுவனத்தின் உயர் நிர்வாகக் குழுவிடமே விளக்கினார். 1982 நவம்பரில் நிறுவனத்துக்குள் சுற்றுக்கு விடப்பட்ட அறிக்கையில் ஒரு வரைபடம் இருக்கிறது. கிடைமட்டத்தில் ஆண்டுகள், ஒரு பக்கம் காற்றில் கரியமில வாயுவின் அளவு, மறுபக்கம் வெப்பநிலை உயர்வு. 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கு அந்தக் கோட்டில் விரலை வைத்தால், பத்து லட்சத்துக்குச் சுமார் 415 பங்கு என்றும், ஏறத்தாழ ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவான உயர்வு என்றும் காட்டும். 2019-இல் ஹவாயின் மௌனா லோவா ஆய்வகம் அளந்து சொன்ன அளவும் 415-ஐத் தாண்டியது. அறிக்கையோடு இருந்த கடிதம், இது நிறுவன ஊழியர்களைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்றது. அந்தக் காலக் கணிப்புகளை ஜெஃப்ரி சுப்ரான், ஸ்டெஃபான் ராம்ஸ்டார்ஃப், நவோமி ஒரெஸ்கெஸ் ஆகியோர் பின்னாளின் அளவீடுகளோடு ஒப்பிட்டு 2023 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். 63 முதல் 83 சதவீதக் கணிப்புகள் சரியாக இருந்தன. தங்கள் ஆய்வைத் திரித்துப் பொருள் கொள்கிறார்கள் என்பது நிறுவனத்தின் மறுப்பு. ஷெல் நிறுவனத்தின் கதை இன்னும் துலக்கமானது. வட கடலில் ட்ரோல் எரிவாயு மேடையை வடிவமைத்தபோது, கடல்மட்டம் உயரக்கூடும் என்று கணக்கிட்டு மேடையின் உயரத்தை ஒன்று முதல் இரண்டு மீட்டர் கூட்டினார்கள். 1989-இல் நாளிதழ்களிலேயே வந்த செய்தி இது. அதே 1989-இல்தான் பெரும் எண்ணெய், நிலக்கரி, வாகன நிறுவனங்கள் கூடி ‘குளோபல் கிளைமேட் கோலிஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கி, அறிவியல் இன்னும் உறுதியாகவில்லை என்று பல ஆண்டுகள் பிரசாரம் செய்தன.

தன் மேடையை உயர்த்திக்கொள்ளும் அளவுக்கு நம்பிய ஒன்றை, ஊரார் நம்பக் கூடாது என்று பணம் செலவழித்தால் அதற்குப் பெயர் ஏமாற்று. கலிஃபோர்னிய அரசு 2023 செப்டம்பரில் எக்ஸான், ஷெல், செவ்ரான், கோனகோபிலிப்ஸ், பிபி ஆகியவற்றின் மேல் தொடுத்த வழக்கின் அடிப்படையும் இதுதான். புகையிலை நிறுவனங்கள் மாட்டிக்கொண்டதும் இதே வழியில். 1998-இல் 46 மாநிலங்களோடு அவை செய்த உடன்பாடு, 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர்.

2025 ஜனவரியில், தீயின் புகை அடங்கும் முன்பே, ஸ்காட் வீனர் என்ற மாநில செனட்டர் எஸ்பி 222 என்ற மசோதாவைக் கொண்டுவந்தார். பேரிடரில் வீடிழந்தவரும், இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனமும், ஃபேர் பிளானும் எண்ணெய் நிறுவனங்களின் மேல் வழக்குப் போட அது தெளிவான உரிமை தந்திருக்கும். எண்ணெய்த் துறையும் கட்டுமானத் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. ஏப்ரலில் செனட்டின் நீதித் துறைக் குழுவிலேயே வாக்கு போதாமல் மசோதா நின்றுபோனது. வெர்மான்ட்டும் நியூயார்க்கும் வேறு வழியில் போயின. 2023 ஜூலை வெள்ளத்தில் தலைநகர் மாண்ட்பீலியர் மூழ்கிய பிறகு, வெர்மான்ட் 2024 மே மாதத்தில் ஒரு சட்டம் இயற்றியது. அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க்கும் இயற்றியது. கடந்த காலத்தில் பெருமளவு வெளியேற்றிய நிறுவனங்களிடம் அவரவர் பங்குக்கு ஏற்பப் பணம் வாங்கி, வடிகால்களையும் பாலங்களையும் பலப்படுத்துவது திட்டம். நியூயார்க்கின் இலக்கு 25 ஆண்டில் 7,500 கோடி டாலர். 2025 மே தொடக்கத்தில் அமெரிக்க மத்திய அரசு இரு மாநிலங்களின் மேலும் வழக்குப் போட்டது.

பங்கை எப்படிப் பிரிப்பது என்ற சாக்கும் இப்போது இல்லை. 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் கிறிஸ்டோபர் கலஹான், ஜஸ்டின் மான்கின் இருவரும் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். 111 பெரிய நிறுவனங்களின் வெளியேற்றத்தால் கூடிய கடும் வெப்பம் 1991 முதல் 2020 வரை உலகப் பொருளாதாரத்துக்கு ஏற்படுத்திய இழப்பு சுமார் 28 லட்சம் கோடி டாலர். செவ்ரான் ஒன்றின் பங்கே குறைந்தது 79,100 கோடி. ஜெர்மனிய நீதிமன்றங்களில், பெரு நாட்டு விவசாயி சவுல் லூசியானோ யூயா தன் ஊருக்கு மேலே உருகிப் பெருகும் பனிஏரிக்காக ஆர்டபிள்யூஇ என்ற மின் நிறுவனத்தின் மேல் பத்தாண்டு வழக்கு நடத்தினார். அவர் வீட்டுக்கு உடனடி ஆபத்து போதிய அளவு நிரூபணமாகவில்லை என்று 2025 மே மாதத்தில் ஹாம் நகர நீதிமன்றத்தில் வழக்கு தள்ளுபடியானது. ஆனால் பெருமளவு வெளியேற்றும் நிறுவனம், உலகின் மறுகோடியில் உள்ளவருக்கும் சட்டப்படி பொறுப்பாளியாகலாம் என்று அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

பெட்ரோலை எரித்தது நாம்தானே, நிறுவனத்தை ஏன் குறை சொல்ல வேண்டும் என்ற வாதத்தைப் படித்தவர்களே சொல்லக் கேட்கிறேன். அதற்குப் பதில், தொடக்கத்தில் நான் சொன்ன பாலாற்றங்கரையின் வேலூர் வழக்கில் இருக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றில் கலந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிர் செய்ய முடியாமல் போனது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாததாயிற்று. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, மாசுபடுத்துபவரே விலை தர வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. நிலம் இழந்த குடும்பங்களுக்கு இழப்பீடு, கெட்ட மண்ணைத் திருத்தும் செலவு இரண்டுமே அதில் அடங்கும் என்றது. அந்த ஆலைகளின் தோலில் செய்த செருப்பை உலகமெங்கும் எத்தனையோ பேர் போட்டு நடந்தார்கள். செருப்புப் போட்டவரிடம் பணம் கேளுங்கள் என்று அந்த அமர்வு சொல்லவில்லை. கழிவைச் சுத்திகரிக்கும் வழி இருந்தும் செலவு என்று தவிர்த்தவர் யாரோ அவரிடம் கேட்டது. இன்று சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் ஒவ்வொரு இந்திய மாணவரும் வேலூர் என்ற பெயரைக் கடக்காமல் தேர்வு எழுத முடியாது.

அந்தத் தீர்ப்பின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் எரிந்த அதே மாதத்தில், 2025 ஜனவரி 30 அன்று, பாலாற்று மாசு உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் தீர்ப்புக்கு வந்தது. சேர வேண்டிய இழப்பீடு அதுவரை முழுதாகப் போய்ச் சேராததால், முதலில் அரசு கொடுக்கட்டும், பிறகு மாசுபடுத்தியவரிடம் வசூலிக்கட்டும் என்று நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். 28 ஆண்டுகளில் நிலத்தை விட்டுப்போன குடும்பங்கள் எத்தனையோ. கோட்பாட்டை வெல்வது வேறு, பணத்தை வசூலிப்பது வேறு. அமெரிக்க மாநிலங்களும் இதைச் சந்திக்கத்தான் போகின்றன.

நம் நாட்டில் வீட்டுக்குக் காப்பீடு எடுப்பவர்கள் மிகக் குறைவு. பிரீமியம் ஏறுகிறதே என்ற கவலைகூட இங்கே பெரும்பாலோர்க்கு இல்லை. இழப்பு நேராக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பின் முடிச்சூர்ப் பக்கம் கடைகளின் சேதம் பார்க்கப் போனபோது, மளிகைக் கடைக்குப் பாலிசி இருந்தது, அதன் மாடியிலும் பின்னாலும் குடியிருந்த குடும்பங்களுக்கு எதுவும் இல்லை. நனைந்த மெத்தை, சேறு படிந்த மிக்ஸி, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. எங்களுக்கும் எழுதிக்கொள்ளுங்கள் சார் என்றார் ஓர் அம்மா. எழுதிக்கொள்ள என்னிடம் படிவம் இல்லை. அந்தக் குடும்பங்களுக்கு இழப்பீடு தந்தது அவர்கள் அடகு வைத்த நகை.

முன்பு சொன்ன லாரி வழக்குக்குப் பொருந்தும் சாலைவழிச் சரக்குச் சட்டம், 2007-இல் ஒரு பிரிவு உண்டு. சரக்கைப் பதிவு செய்த 180 நாளுக்குள் லாரி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் தராவிட்டால் வழக்கே போட முடியாது. எவ்வளவு நியாயமான கோரிக்கையும் அந்தத் தாள் இல்லாததால் செத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். பருவநிலை இழப்புக்கு அப்படியொரு கெடு இன்னும் எழுதப்படவில்லை. அதற்காகத் தாளே இல்லாமல் இருப்பது சரியாகாது. நிவாரணம் தரும் மாநில அரசும், கிளெய்ம் தரும் நம் பொதுத் துறைக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் நீதிமன்றம் ஏற்கும் வடிவில் கணக்கு எழுதி, கூடுதல் மழையில் வெப்பமடைதலின் பங்கை வல்லுநர் அறிக்கையோடு இணைத்து, பொறுப்பான நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உடனே யாரும் பணம் தரமாட்டார்கள். ஆனால் தங்களுக்குத் தெரியாது என்று இனி அவர்கள் சொல்ல முடியாது.

இந்தக் கல்லூரி மாணவர்கள் அந்தக் கோப்பின் மாதிரியை இந்த ஆண்டே தயாரிக்கலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்தது. எண்ணெய் மணலியின் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. மீனவர்களின் படகிலும் வலையிலும் ஒட்டிய அந்தக் கறுப்புக்குப் பொறுப்பாளி யார் என்று எழுத ஒரு பெயர் இருந்தது. அதே வீடுகளுக்குள் நின்ற தண்ணீருக்கு எந்தக் கோப்பிலும் ஒரு பெயர்கூட இல்லை. குடும்பம் குடும்பமாகப் போய் அந்த இரண்டாவது கணக்கை எழுதுங்கள். சர்வே எப்படிச் செய்வது, எதை எப்படிப் பதிவு செய்தால் நீதிமன்றத்தில் நிற்கும் என்பதைச் சொல்லித் தர நான் உங்களோடு எண்ணூருக்கு வருகிறேன்.